‘அண்டர்’ முன்னொட்டுச் சொற்கள்: தங்கவயல் சுரங்க வழக்கும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கில முன்னொட்டுகளைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் மூலமுடைய முன்னொட்டுகளைக் கொண்டே பேசப்பட்டு வந்துள்ளன. ‘டெலி’ என்பதற்குத் ‘தொலை’ என்றும், ‘பயோ’ என்பதற்கு ‘உயிரி’ என்றும் அமைந்த ஆக்கங்கள் இத்தகைய உரையாடல்களின் விளைவுகளாகும். ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டுகளான ‘அண்டர்’, ‘ஓவர்’, ‘அப்’, ‘டவுன்’ ஆகியவை எளியவை என்றும், ‘கீழ்’, ‘மேல்’ என்னும் இரு சொற்களால் அவற்றை ஈடுசெய்துவிடலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. இக்கருத்து பொதுவழக்கிலேயே முழுமையாகப் பொருந்துவதில்லை. தொழில்வழக்கில், குறிப்பாகச் சுரங்கத் தொழில்வழக்கில், அது பிழையான பொருளுக்கும் இட்டுச் செல்லும்.

ஆங்கில அகராதிகளில் அரிய சொற்களாகவோ அரிய பொருள்களாகவோ குறிக்கப்படும் ‘அண்டர்லை’, ‘அண்டர்ஹேண்ட்’, ‘அண்டர்காஸ்ட்’ முதலியன சுரங்கத்தில் நாள்தோறும் வழங்குபவை. தமிழ் பேசும் தொழிலாளர் பெருந்திரளாக ஆங்கிலச் சுரங்கத் தொழிலோடு நெடுங்காலம் உறவுகொண்ட இடம் கோலார்த் தங்கவயல். ராபர்ட்சன்பேட்டையைக் கடைவீதியாகவும் குடியிருப்பாகவும் கொண்ட அவ்வட்டாரத்தின் சுரங்க வரலாற்றைப் பின்புலமாக வைத்து, ‘அண்டர்’ முன்னொட்டுச் சொற்களின் ஒலிப்பும் பொருளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. எதிரிணையாக வரும் ‘ஓவர்’, ‘அப்’, ‘டவுன்’ சொற்களும் தேவையான இடங்களில் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன.

2. களமும் காலமும்

கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பது குறித்து 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் ஆராய்ந்தார். அடுத்த முக்கிய முயற்சி 1870களில் பெங்களூரில் வாழ்ந்த அயர்லாந்துக்காரரான மைக்கேல் லவெல்லுடையது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே தொழில் நிலைபெற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்னும் ஐந்து சுரங்கங்கள் புகழ்பெற்றன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் தங்கவயலுக்கு வந்தது. சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும் 1962இல் நடுவண் அரசும் ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றுள் ஆழமானதாகிய சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது.

1896 முதல் 1903 வரை மைசூரில் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் அமைந்தது ராபர்ட்சன்பேட்டை. வடார்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் சுரங்கங்களில் உழைத்தனர். மேற்பார்வைப் பணிகளில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து வந்தோர் மிகுதி. வெள்ளீயமும் செம்பும் தோண்டிய கார்ன்வால் சுரங்கங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நலிவுற்றபோது, அங்கிருந்தோர் உலகின் பல சுரங்கப் பகுதிகளுக்கும் சென்றனர். அவர்களோடு அவர்களின் தொழிற்சொற்களும் சென்றன. எனவே தங்கவயலுக்கு வந்த ஆங்கிலம் பள்ளி ஆங்கிலம் மட்டுமன்று. கார்ன்வால் வட்டாரச் சுரங்க ஆங்கிலமும் உடன் வந்தது.

இதற்கு ஒரு சான்று ‘கேப்டன்’ என்னும் சொல். கார்ன்வால் மரபில் சுரங்கத்தை நடத்துபவர் ‘கேப்டன்’ எனப்பட்டார். தரைமேற்பணிகளைக் கவனித்தவர் ‘கிராஸ் கேப்டன்’. நிலத்தினுள் பணியைக் கவனித்தவர் ‘அண்டர்கிரவுண்டு கேப்டன்’. இங்குக் ‘கிராஸ்’ என்பது புல்லைக் குறியாது, தரைமட்டத்தைக் குறிக்கும். தங்கவயல் வரலாற்றில் இடம்பெறும் கேப்டன் பிளம்மரின் பட்டமும் இம்மரபின் பின்னணியில் படிக்கத்தக்கது. அதனைப் படைப்பட்டமாகக் கொண்டு ‘படைத்தலைவர்’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது.

3. ஒலிப்பு

3.1 உயிரொலி. ‘அண்டர்’ என்பதன் முதல் உயிர் ஆங்கிலத்தில் நடு உயிர் ஆகும். தமிழில் அது குற்றெழுத்தாகிய அகரத்தால் குறிக்கப்படுகிறது. ஆங்கிலத்தின் தாழ் முன்னுயிரோ தமிழில் ஆகாரமாகவோ ஏகாரமாகவோ எழுதப்படும். தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டைக்கு அண்மையிலுள்ள மற்றோர் ஊர் ஆண்டர்சன்பேட்டை. ‘ஆண்டர்சன்’ என்பதன் முதல் நான்கெழுத்தும் ‘அண்டர்’ என்னும் முன்னொட்டும் குறில் நெடில் வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. ஆங்கிலத்தில் உயிரின் தன்மையால் அமைந்த வேறுபாடு தமிழில் உயிரின் அளவால் அமைந்த வேறுபாடாக மாறியுள்ளது. குறில் நெடில் எதிர்நிலை தமிழின் ஒலியமைப்புக்கு அடிப்படையானது. ஆதலின் இம்மாற்றம் இயல்பானது.

3.2 மெய்ம்மயக்கம். ஆங்கிலத்தின் நுனியண்ண மெல்லொலியும் வல்லொலியும் இணைந்த மயக்கம் தமிழில் ‘ண்ட’ என நாவளை ஒலியாகக் கேட்கப்படுகிறது. மெல்லினத்தின் பின் வரும் வல்லினம் தமிழில் குரலொலியாக ஒலிக்கும். ஆதலின் ‘ண்ட’ என்னும் எழுத்துவடிவம் தனிக்குறியீடு ஏதுமின்றியே சரியான ஒலிப்பைத் தந்துவிடுகிறது. சொல்லிறுதி ரகரத்தைத் தென்கிழக்கு இங்கிலாந்தினர் ஒலிப்பதில்லை. கார்ன்வால் வட்டாரப் பேச்சில் அது ஒலிக்கும். தமிழ் வடிவத்திலும் ரகரம் ஒலிக்கிறது. ஆயினும் எழுத்துவழி ஒலிப்பால் இந்திய ஆங்கிலம் பரவலாக ரகரத்தைக் காப்பதால், இதனைக் கார்ன்வால் பேச்சின் தனிச் செல்வாக்கு எனக் கொள்ள வேண்டுவதில்லை.

3.3 அழுத்தம். ‘அண்டர்கிரவுண்டு’ என்பது பெயருக்கு முன் அடையாக வரும்போது ஆங்கிலத்தில் முதலசை அழுத்தம் பெறும். வினையடையாக வரும்போது முதன்மை அழுத்தம் ‘கிரவுண்டு’ என்னும் பகுதிக்கு நகரும். சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடுத்தும் முறை தமிழில் இல்லை. ஆகவே இவ்வேறுபாடு கடன்பேற்றில் மறைகிறது. அவ்விடத்தைத் தமிழின் உருபுகள் நிரப்புகின்றன. ‘அண்டர்கிரவுண்டு வேலை’ என்பதில் சொல் அடையாகவும், ‘அண்டர்கிரவுண்டில் வேலை’ என்பதில் இடவேற்றுமை ஏற்றும் நிற்கிறது. ஆங்கிலம் அழுத்தத்தால் செய்வதைத் தமிழ் உருபால் செய்கிறது.

3.4 ஒலிப்பால் எழும் மயக்கங்கள். சுரங்கச் சொற்களை எழுத்தைக் கண்டு தமிழ்ப்படுத்துவோர் இடறும் இடங்கள் மூன்று.

(அ) ‘ஓவர்வைண்டு’: தூக்குக் கூண்டு நிற்க வேண்டிய தளத்தைக் கடந்து மேலே இழுக்கப்படும் விபத்தை இச்சொல் குறிக்கும். இதன் பிற்பகுதி கயிறு சுற்றுதலைக் குறிக்கும் வினை. காற்றைக் குறிக்கும் பெயரும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதப்படும். எனவே ‘ஓவர்விண்டு’ எனப் பெயர்த்தெழுதினால் கயிறு மறைந்து காற்று புகுந்துவிடும். காற்றோட்டம் பற்றிய விதிகளும் ஒரே நூலில் இடம்பெறுவதால் மயக்கம் மிகும்.

(ஆ) ‘லோடு’: தாதுப்படிவத்தைக் குறிக்கும் சொல்லும் சுமையைக் குறிக்கும் சொல்லும் ஆங்கில எழுத்தில் வேறுபட்டு ஒலியில் ஒன்றுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘லோடு’. சுமைப்பொருளில் இச்சொல் தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டமையால், ‘சாம்பியன் லோடு’ என்னும் தொடரைக் காண்பவர் பாறையின் பொன்படிவத்தை எளிதில் எண்ணமாட்டார்.

(இ) ‘அண்டர்லை’, ‘அண்டர்லே’: ஒரே பொருளில் இரு வடிவங்களும் சுரங்க நூல்களில் வழங்கும். இவை இரு வேறு சொற்கள் என எண்ணி இரு கலைச்சொற்கள் ஆக்குவது தேவையற்றது.

இவற்றோடு, ‘அண்டர்’ என்னும் ஒலித்தொடர் தமிழில் முன்பே உள்ள ஒரு சொல்லின் வடிவமுமாகும். இலக்கிய வழக்கில் ‘அண்டர்’ வானோரையும் இடையரையும் பகைவரையும் குறிக்கும். நிலத்தின் அடியைச் சுட்டும் ஆங்கில முன்னொட்டும் வானுலகினரைச் சுட்டும் தமிழ்ப்பெயரும் எழுத்தில் வேறுபாடின்றி நிற்கின்றன. சூழல் தெளிவாக இருப்பதால் மயக்கம் நேர்வதில்லை. ஆயினும் அகரவரிசைப்படி அமையும் சொற்பட்டியலில் இவ்விரண்டும் தனித்தனிப் பதிவுகளாக அமைதல் வேண்டும்.

4. பொருள்நிலைகள்

ஆங்கிலப் பொதுவழக்கில் ‘அண்டர்’ முன்னொட்டு இடத்தாழ்வு, பதவித்தாழ்வு, அளவுக்குறைவு, மறைவு எனப் பல பொருள்களை உணர்த்தும். தமிழாக்க மரபு இவற்றை ஏற்கெனவே வேறுபடுத்தியுள்ளது. அடிக்கோடு, சார்புச் செயலாளர், குறைமதிப்பீடு, தலைமறைவு இயக்கம் ஆகிய நான்கிலும் ஒரே ஆங்கில முன்னொட்டு நான்கு வேறு தமிழ்ச்சொற்களால் ஈடுசெய்யப்பட்டிருத்தல் காண்க. சுரங்க வழக்கில் மேலும் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன.

4.1 கவிந்த நிலத்தின் அடி: ‘அண்டர்கிரவுண்டு’

தமிழகத்தில் ‘நிலத்தடி நீர்’, ‘பாதாளச் சாக்கடை’, ‘சுரங்க ரயில்’, ‘புதைவடம்’ என்பன வழங்குகின்றன. இந்நான்கிலும் ஆங்கில மூலத்தில் உள்ள அடைமொழி ‘அண்டர்கிரவுண்டு’ ஒன்றே. இலங்கைத் தமிழில் ‘நிலக்கீழ் நீர்’ என்பதே வழக்கு. ‘அடி’, ‘கீழ்’ ஆகிய இரண்டும் ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் முற்றும் ஒன்றல்ல. ‘கட்டிலுக்கு அடியில்’ என்னும்போது கட்டில் மேலே கவிந்திருக்கிறது. ‘மலைக்குக் கீழே உள்ள ஊர்’ என்னும்போது மலை ஊரின் மேல் கவிந்திருப்பதில்லை. ஊர் தாழ்ந்த மட்டத்தில் இருக்கிறது என்பதே பொருள்.

இவ்வேறுபாடு சட்டமொழியில் முதன்மை பெறுகிறது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் ‘அண்டர்கிரவுண்டு’ என்னும் கூட்டுச்சொல்லுக்கு மாற்றாகப் பெரும்பாலும் ‘பிலோ கிரவுண்டு’ என்னும் தொடரை ஆண்டது. சுரங்கத்தின் அப்பகுதியில் பெண்களைப் பணியமர்த்தலாகாது என்று அதன் 46ஆம் பிரிவு விதித்தது. அதே சட்டம் திறந்தவெளிச் சுரங்கத்தை வரையறுக்கும்போது, மேலே கவிந்த நிலத்தின் அடியிற் செல்லாத அகழ்வு என்னும் கருத்தை அளவுகோலாகக் கொண்டது. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தை இங்கு ஒப்பிடலாம். அதன் தளம் சுற்றியுள்ள நிலமட்டத்தைவிட மிகவும் தாழ்ந்தது. ஆயினும் அது சட்டம் சுட்டிய ‘நிலத்தடி’ அன்று. அங்கு நிற்பவரின் தலைக்குமேல் இருப்பது வானம். தங்கவயலின் சுரங்கத்தில் நிற்பவரின் தலைக்குமேல் இருந்தது பாறை.

ஆகவே சட்டத்தொடரை ‘நிலமட்டத்துக்குக் கீழ்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நெய்வேலிப் பள்ளமும் தடைக்குள் அடங்கிவிடும். ‘நிலத்தடி’ எனப் பெயர்த்தால் கவிவுப் பொருள் காக்கப்படும். சொல்லாக்கத்தில் சிறிதாகத் தோன்றும் இத்தேர்வு, ஒருவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிது.

4.2 வேலையின் திசை: ‘அண்டர்ஹேண்ட்’, ‘ஓவர்ஹேண்ட்’

பொது ஆங்கிலத்தில் ‘அண்டர்ஹேண்ட்’ என்பது வஞ்சகமான, மறைமுகமான செயலுக்கு அடை. சுரங்கத்திலோ அது தாது வெட்டும் முறையொன்றின் பெயர். தாது எடுக்கும் வெட்டறை ‘ஸ்டோப்’ எனப்படும். ஒரு மட்டத்திலிருந்து கீழ்நோக்கி வெட்டிச் செல்வது ‘அண்டர்ஹேண்ட்’ முறை. மேல்நோக்கி வெட்டிச் செல்வது ‘ஓவர்ஹேண்ட்’ முறை. முன்னதில் தொழிலாளி வெட்டவேண்டிய தாதுவின்மீதே நிற்பார். வெட்டிய தாதுவைப் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். பின்னதில் அவர் உடைந்த பாறையின்மீதோ தட்டின்மீதோ நின்று தலைக்குமேல் வெட்டுவார். தாது தன் எடையால் தானே கீழே விழும். தலைக்குமேல் உள்ள பாறை தளர்ந்து விழும் இடர் இம்முறையில் நேரடியானது.

பொது அகராதியை மட்டும் துணைக்கொண்டு முதற்சொல்லை ‘மறைமுக வெட்டு’ எனப் பெயர்த்தால் அது நகைப்புக்குரியதாக முடியும். இரண்டாம் சொல்லில் நேரும் பிழையோ நகைப்போடு நிற்பதன்று. தமிழ்ப் பேச்சில் ‘ஓவர்’ முன்னொட்டுத் தன்மையை இழந்து, ‘மிகை’, ‘அளவுமீறல்’ என்னும் பொருளுடைய தனிச்சொல்லாகியுள்ளது. ‘ஓவராகப் பேசாதே’ என்பது போன்ற தொடர்கள் இதற்குச் சான்று. ‘ஓவர்டைம்’, ‘ஓவர்வைண்டு’ ஆகியவற்றில் மிகைப்பொருள் உண்மையாகவே உண்டு. ‘ஓவர்ஹேண்ட்’ என்பதில் அது இல்லை. ஒரே முன்னொட்டு ஒரே தொழிலகத்தில் மிகையையும் திசையையும் உணர்த்தும்போது, முன்னொட்டைத் தனித்துப் பெயர்க்கும் முறை பயன்படாது. ‘கீழ்நோக்கு வெட்டு’, ‘மேல்நோக்கு வெட்டு’ என்பன இவ்விரு முறைகளுக்கும் பொருந்தும் ஆக்கங்களாகும்.

4.3 செங்குத்திலிருந்து விலகல்: ‘அண்டர்லை’

முன்னொட்டுப் பொருளால் மிகவும் ஏமாற்றும் சொல் இதுவே. பொது ஆங்கிலத்தில் இது வினைச்சொல். ஒன்றன் அடியில் இருத்தல், அடிப்படையாக அமைதல் என்பன அதன் பொருள். கார்ன்வால் சுரங்க வழக்கில் அது பெயர்ச்சொல். தாதுப்படிவம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகிச் செல்கிறது என்பதை அது குறிக்கும். நிலவியலில் பெருவழக்காக உள்ள ‘டிப்’ என்னும் சொல்லோ கிடைமட்டத்திலிருந்து அளக்கப்படும் சாய்கோணத்தைக் குறிக்கும். எனவே ஒரே படிவத்தின் சாய்வை இரு சொற்களும் எதிரெதிர் முனைகளிலிருந்து அளக்கின்றன.

தங்கவயலில் தொழில் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1881இல் வெளிவந்த ரோசிட்டர் ரேமண்டின் சுரங்கச் சொற்கோவை இச்சொல்லைக் கார்ன்வால் வழக்காகப் பதிவு செய்துள்ளது. சாய்வாக அளந்த ஒரு பாகத்துக்கு, அதாவது 6 அடிக்கு, படிவம் கிடையாக எத்தனை அடி விலகுகிறது என்பதே அளவுமுறை. படிவத்தின் சாய்கோணம் 60 பாகையானால் விலகல் பாகத்துக்கு 3 அடி. படிவம் முற்றிலும் செங்குத்தானால் சாய்கோணம் 90 பாகை, விலகல் சுழி.

தங்கவயலின் சாம்பியன் படிவம் மேற்பகுதியில் மேற்கு நோக்கிச் சாய்ந்து, ஆழம் செல்லச் செல்லச் செங்குத்தை நெருங்குவது. அதாவது ஆழத்தோடு ‘டிப்’ கூடுகிறது, ‘அண்டர்லை’ குறைகிறது. இரண்டையும் ‘சாய்வு’ என்றே தமிழாக்கினால், ஆழத்தில் சாய்வு மிகுந்தது என்று ஓரிடத்திலும் குறைந்தது என்று மற்றோரிடத்திலும் முரண்பட எழுத நேரும். இரு கூற்றுகளும் மூலத்தில் சரியானவை. பிழை தமிழாக்கத்தில் மட்டுமே பிறக்கிறது. ‘டிப்’ என்பதற்குச் ‘சாய்கோணம்’ என்றும், ‘அண்டர்லை’ என்பதற்குச் ‘செங்குத்து விலகல்’ என்றும் வேறுபடுத்துவது முரண்பாட்டை நீக்கும். இரண்டாவது ஆக்கத்தில் ‘கீழ்’ என்பதோ ‘அடி’ என்பதோ இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. முன்னொட்டைக் கைவிட்டதனாலேயே பொருள் கைவந்தது.

4.4 காற்றின் வழி: ‘அண்டர்காஸ்ட்’ முதலியன

சுரங்கக் காற்றோட்டத்தில் நான்கு சொற்கள் ஒரு தொகுதியாக அமைகின்றன. புதுக்காற்று இறங்கும் குழி ‘டவுன்காஸ்ட்’. பயன்பட்ட காற்று ஏறிவரும் குழி ‘அப்காஸ்ட்’. இரு காற்றுவழிகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றை மற்றதன் மேலே கொண்டுசெல்லும் பாலவழி ‘ஓவர்காஸ்ட்’. அடியில் கொண்டுசெல்லும் வழி ‘அண்டர்காஸ்ட்’. முதலிரண்டில் முன்னொட்டு காற்று இயங்கும் திசையைக் காட்டுகிறது. பின்னிரண்டில் ஒரு வழிக்கும் மற்றொரு வழிக்கும் உள்ள இடவுறவைக் காட்டுகிறது. பொது ஆங்கிலத்தில் ‘டவுன்காஸ்ட்’ மனச்சோர்வையும் ‘ஓவர்காஸ்ட்’ மேகமூட்டத்தையும் உணர்த்தும். தமிழில் ‘காற்றிறங்கு குழி’, ‘காற்றேறு குழி’ என இயக்கத்தை வினையால் சொல்லியும், ‘மேற்குறுக்கு வழி’, ‘அடிக்குறுக்கு வழி’ என இடத்தைப் பெயரால் சொல்லியும் இருவகையையும் பிரித்துக்காட்ட இயலும். ஆங்கிலம் ஒரே வாய்பாட்டில் அடக்கியதைத் தமிழ் இரு வாய்பாடுகளாக விரிப்பது குறையன்று. அது தெளிவைத் தருவதாகும்.

4.5 முன்னொட்டுப் பொருள் இழந்தவை: ‘அண்டர்டேக்கிங்’

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு ஏற்றபோது அவற்றின் பொதுப்பெயர் ‘கோலார் கோல்டு மைனிங் அண்டர்டேக்கிங்ஸ்’ என அமைந்தது. இங்கு ‘அண்டர்’ என்பதில் அடி, கீழ், குறை, மறை ஆகிய எப்பொருளும் இன்றைய வழக்கில் உணரப்படுவதில்லை. ஏற்று நடத்தும் தொழிலமைப்பு என்பதே பொருள். தமிழில் ‘நிறுவனம்’ என்பது போதுமானது. இச்சொல்லுக்கே ‘உறுதிமொழி’ என மற்றொரு சட்டப்பொருளும் உண்டு. நிறுவனம் தொழிலாளிக்கு எழுதித்தரும் உறுதிமொழியும் அந்நிறுவனமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் ஆவணங்களில், பெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் சூழலை நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

5. தமிழில் ‘கீழ்’, ‘மேல்’

தமிழில் சுட்டு, வினா எழுத்துகள் நீங்கலாக முன்னொட்டு என்னும் இலக்கண வகை வளர்ச்சி பெறவில்லை. ‘கீழ்’, ‘மேல்’, ‘உள்’, ‘புறம்’ முதலியவற்றைத் தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருள்களோடு சேர்த்துக் கூறுகிறது. அவை இடத்தை உணர்த்தும் பெயர்கள். ஆங்கில முன்னொட்டு எதன் கீழ் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். தமிழ் இடப்பெயரோ ‘எதற்கு’ என்னும் வினாவை இயல்பாகவே எழுப்புகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இது தடையன்று. பொருளைச் சரிபார்க்கும் கருவியாகவே இது பயன்படக்கூடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழில் ‘கீழ்’ கிழக்கையும் ‘மேல்’ மேற்கையும் குறிக்கும். தமிழகத்தின் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருத்தல் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. சாம்பியன் படிவமோ மேற்கு நோக்கிச் சாய்கிறது. அப்படிவத்தைப் பின்பற்றி இறங்குபவர் உயரத்தால் கீழே செல்லும்போதே திசையால் ‘மேல்’ செல்கிறார். ‘மேலே செல்லும் படிவம்’ என ஒரு தமிழ்த்தொடர் அமைந்தால், அது மேற்கே இறங்குவதையும் உயரே ஏறுவதையும் ஒருங்கே உணர்த்திவிடும்.

படிவத்தின் இருபுறச் சுவர்களைப் பொறுத்தமட்டில் இம்மயக்கம் எழுவதில்லை. படிவத்துக்கு மேலே கவிந்த ‘ஹேங்கிங் வால்’ மேற்கிலும், அடியில் தாங்கிநிற்கும் ‘ஃபுட் வால்’ கிழக்கிலும் அமைகின்றன. எனவே ‘மேற்சுவர்’, ‘கீழ்ச்சுவர்’ என்பன உயரத்தாலும் திசையாலும் ஒருங்கே பொருந்துகின்றன. இப்பொருத்தம் மேற்குச் சாய்வுடைய படிவத்தால் நேர்ந்த தற்செயல். கிழக்கு நோக்கிச் சாயும் படிவத்தில் இதே சொற்கள் திசையால் தலைகீழாகும். ‘கவிசுவர்’, ‘தாங்குசுவர்’ என அமைப்பது எந்நிலத்துக்கும் ஏற்கும். ஓரிடத்தில் சரியாக வழங்கும் கலைச்சொல் எல்லா இடத்துக்கும் சரியாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

6. சொல்லாக்க வரலாறும் தொழில்வழக்கும்

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றில் 1916ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கத்தை நடத்தினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்தது. இம்முயற்சிகளின் பெருநோக்கம் பள்ளி, கல்லூரிக் கல்வி. இயற்பியல், வேதியியல், கணிதம், உடலியல் முதலிய பாடங்கள் முதன்மை பெற்றது இயல்பே.

சேலம் மாவட்டத்து உழைப்பாளரும் தங்கவயலில் பணிபுரிந்த அக்காலத்தில், சேலத்தில் ஆக்கப்பட்ட சொற்கள் வகுப்பறையை நோக்கியவையாக இருந்தன. தங்கவயலில் எழுத்துத் தமிழ் இல்லாமலில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் மறைவுக்குப் பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைச் சாம்பியன் ரீஃபிலிருந்து நடத்தினார். சமயம், வரலாறு, சமூகம் பற்றிய தமிழுரைநடை அங்கு வலுவாகவே இருந்தது. தொழிலின் தமிழோ பெரும்பாலும் பேச்சில் நின்றது.

பேச்சில் நின்ற அத்தமிழ் முன்னொட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ‘அண்டர்கிரவுண்டு’ என்பதை ஒரு முழுச்சொல்லாகவே அது ஏற்றது. சொல்லைக் கேட்டவர் பொருளை அகராதியில் தேடவில்லை, பணியிடத்திலேயே கண்டார். ஆகவே முன்னொட்டின் பொதுப்பொருள் அவரை ஏமாற்ற வாய்ப்பில்லை. பகுத்துப் பெயர்க்கும் மரபு நூலோர்க்கு உரியது, பகுக்காமல் ஏற்கும் மரபு தொழிலோர்க்கு உரியது. முன்னதில் தமிழ்த்தன்மை மிகுதி. பின்னதில் பொருட்துல்லியம் மிகுதி. ‘சுரங்கம்’ என்னும் சொல்லே பழங்காலத்தில் பிறமொழியிலிருந்து வந்தது என்பதும், கிரேக்கத்தில் குழலைக் குறித்த சொல் வடமொழி வழியாக வந்து சிலப்பதிகாரத்தில் ‘சுருங்கை’ என வழங்குகிறது என்பதும் ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. தொழிலோடு சொல் வருவது புதிதன்று.

1952ஆம் ஆண்டுச் சட்டம், தன் சுருக்கமும் விதிகளின் சுருக்கமும் ஆங்கிலத்திலும் விதிக்கப்பட்ட பிற மொழிகளிலும் சுரங்கத்தருகே ஒட்டப்படுதல் வேண்டும் என்று கூறியது. இத்தகைய அறிவிப்பைப் படிப்பவர் மொழியியலாளர் அல்லர், அன்றைய பணிக்கு இறங்கவிருப்பவர். அவருக்கு ‘மேல்நோக்கு வெட்டு’ என்று மட்டும் எழுதினால், தாம் ‘ஓவர்ஹேண்ட்’ என அறிந்த முறையே அது என்பது விளங்காமற் போகலாம். ‘ஓவர்ஹேண்ட்’ என்று மட்டும் எழுதினால் புதிதாகச் சேர்ந்தவருக்கு விளங்காது. இரண்டையும் அடுத்தடுத்துத் தருவதே காப்பானது. விதியின் பொருள் விளங்காமையால் நேரக்கூடிய இழப்பு, சொல்லாக்கத்தின் அழகால் ஈடுசெய்யத்தக்கதன்று.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

(1) சுரங்க ஆங்கிலத்தில் ‘அண்டர்’ முன்னொட்டு கவிவு, திசை, விலகல், இடவுறவு எனப் பல பொருள்நிலைகளில் வருகிறது. சில சொற்களில் தன் பொருளை இழந்தும் நிற்கிறது. ‘கீழ்’ என்னும் ஒரு சொல்லால் இவற்றை ஈடுசெய்ய இயலாது.

(2) பெயர்ப்பாளர் முன்னொட்டைப் பெயர்ப்பதற்கு முன் ‘எதன் கீழ்’, ‘எதிலிருந்து அளந்தது’, ‘எத்திசையில்’ என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். விடை கிடைத்தபின் முன்னொட்டுக்குத் தனிச்சொல் தேவைப்படாமலும் போகலாம்.

(3) ஒலிபெயர்ப்பு எழுத்தை நோக்கி அமையாது ஒலிப்பை நோக்கி அமைதல் வேண்டும். ‘ஓவர்வைண்டு’ என்பதில் ஓர் உயிர் மாறினால் விபத்தின் இயல்பே மாறிவிடுகிறது.

(4) கலைச்சொல் தொகுதிகளில் தமிழாக்கத்தோடு தொழிலாளர் வழங்கிய கடன்சொல் வடிவமும் பதிவாதல் வேண்டும்.

நான்காவது கருத்துக்குத் தங்கவயலில் காலத்தின் நெருக்கடியும் உண்டு. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இச்சொற்களை நிலத்தடியில் நாள்தோறும் வழங்கியவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களின் அடுத்த தலைமுறையினர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர். ஆங்கில வடிவங்கள் ஆங்கில நூல்களில் நிலைத்திருக்கும். தமிழ் வாயில் அவை பெற்ற ஒலிப்பும், உருபேற்ற முறையும், பொருள் நுட்பமும் எந்நூலிலும் தாமாக நிலைத்திரா. ஒலிப்பதிவோடு கூடிய சொல்லடைவு ஒன்று ராபர்ட்சன்பேட்டையையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் களமாகக் கொண்டு தொகுக்கப்படுமாயின், அது தமிழ்ச் சொல்லாக்கத்துக்கும் தொழில்வழக்கு ஆய்வுக்கும் ஒருங்கே அடிப்படையாக அமையும்.